கார்த்திகையில் பூட்ஸைக் கழற்றினோம்

நான் கோல்கீப்பராக இருந்தவன். கோல்கீப்பருக்குத் தன் அணியின் முகம் தெரியாது. முதுகும் காலும்தான் தெரியும். வருஷக் கணக்கில் அப்படி நின்றே பழகிவிட்டதால், இன்றைக்கும் எனக்கு யாரையும் முகத்தை வைத்து எடைபோட வராது. நடையைப் பார்த்தால் ஆள் எப்படி என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். வேலை பார்ப்பதும் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் என்பதால், குறை கண்டுபிடிப்பது தொழிலாகவே ஆகிவிட்டது. வீட்டிலும் அதே புத்திதான் என்று என் மனைவி சொல்வாள். மறுக்க முடியாது.

எங்கள் கிளப்பின் மைதானம் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் போகிற வழியில், ஏரியை ஒட்டிய புறம்போக்கில் இருக்கிறது. மைதானம் என்றதும் புல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். செம்மண், நடுவில் சரளை, மழை பெய்தால் ஒரு மூலையில் வாத்து நீந்தும். ஒரு பக்கத்து கோலுக்குப் பின்னால் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர். பந்து அதைத் தாண்டிவிட்டால் செக்யூரிட்டியிடம் போய்க் கெஞ்ச வேண்டும். ஷிஃப்டு முடிந்து வருகிறவர்கள் யூனிஃபார்மைக் கழற்றி வேப்பமரக் கிளையில் மாட்டிவிட்டு ஆட இறங்குவார்கள். காலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம். இரண்டுக்கும் கோச் நான்தான். சம்பளம் கிடையாது, திட்டுகிற உரிமை மட்டும் உண்டு. அதை நான் தாராளமாகவே பயன்படுத்தி வந்தேன்.

அந்த முகாமிலிருந்து தேறி முதன்முதலாகப் பெரிய அணிக்கு வந்தவன் ஒரு பையன். பையன் என்று வாய்ப் பழக்கத்தில் சொல்கிறேன். அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை. டவுசர் அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே பந்தைத் துரத்திய வயதிலிருந்து என்னிடம் இருக்கிறான். அணியில் எதிரணியின் கோலுக்கு மிக அருகே நிற்கிற முன்வரிசை இடம் அவனுடையது. பிள்ளைகளைக் காலையில் எழுப்பி அனுப்புகிற தாய்மார்கள் அவனைக் காட்டித்தான் அனுப்புவார்கள். அவன் அந்த இடத்தில் நிற்கும்வரைதான் முகாமுக்கு மரியாதை என்று நான் உறுதியாக நம்பினேன். அதனால்தான் அந்த இடத்துக்காக கமிட்டியில் அப்படிச் சண்டை போட்டேன்.

சண்டை வெளிநாட்டு ஆட்களைப் பற்றியது. பொங்கல் சமயத்தில் எங்கள் பக்கத்தில் நடக்கிற கால்பந்துப் போட்டிக்கு ஒவ்வொரு கிளப்பும் வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டி வரும். சுற்றிலும் இருக்கிற இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து படிக்கிற மாணவர்கள் உண்டு. அவர்களில் நன்றாக ஆடத் தெரிந்தவர்களை ஒரு சீசனுக்குப் பேசி வைத்துக்கொள்வார்கள். ஒரு அணிக்கு அதிகபட்சம் இரண்டு பேர் என்பது போட்டியின் விதி. எங்கள் கிளப்பின் தலைவர் கன்டெய்னர் லாரிகள் வைத்திருப்பவர். ஜெர்சியிலிருந்து பிள்ளைகள் தின்கிற முட்டை வரை அவர் கொடுப்பதுதான். தங்கமான மனிதர், தோற்பது மட்டும் அவருக்கு ஆகாது.

"இன்னாபா கோச்சு, பக்கத்து ஊருகாரன் ரெண்டு ஃபாரினர எறக்கிகினு கப்பு மேல கப்பா தூக்கிகினு போறான். நாம இன்னா, கை தட்டிகினு குந்திகினு இருக்கணுமா?" என்றார்.

"ஒருத்தர் வரட்டும் தலைவரே, வேணாங்கல. ரெண்டு பேரும் ஃபார்வர்டுன்னா நம்ம பையன் எங்க நிப்பான்?"

"பெஞ்சுல இருந்து பாக்கட்டும். பாத்துக் கத்துக்கட்டும்."

"பெஞ்சுல குந்திகினு ஆட்டம் கத்துக்க முடியாது தலைவரே. குந்தறதுக்குதான் கத்துக்கலாம்."

கமிட்டி சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். இரண்டு வெளிநாட்டுக்காரர்களின் பெயரையும் பதிவு செய்வது; யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பது என் விருப்பம். ஆனால் கப்பு வரவில்லை என்றால், அடுத்த வருஷம் முன்வரிசை இரண்டு இடமும் வெளிநாட்டுக்காரர்களுக்கு. அதற்குமேல் நான் அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்று கையடித்துக் கொடுத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வெளியாள், உள்ளூராள் என்ற பேச்சு சாதாரணமானதில்லை. நிலத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்த குடும்பங்கள் இவை. கொடுத்தவர்களின் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே வேலைக்குப் போகிற ஒடிசாக்காரனையும் பீகார்க்காரனையும் பார்த்துப் பொருமுவதை நான் பல வருஷமாகப் பார்க்கிறேன். உள்ளூர்க்காரனுக்கே வேலை என்று கோஷம் போட்ட கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதே கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்தால், வெளிநாட்டு ஃபார்வர்டு வேண்டும் என்று விசில் அடிக்கும். இதை யாரிடமாவது சொன்னால், "அது வேற, இது வேறணா" என்பார்கள். எப்படி வேறு என்று இதுவரை யாரும் விளக்கியதில்லை.

ஐப்பசி மழையில் கேமரூன் நாட்டுக்காரன் வந்து சேர்ந்தான். ஊர் அவனை நைஜீரியாக்காரன் என்றே சொன்னது. அவனும் முதல் வாரம் திருத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனான். கல்லூரியில் மெக்கானிக்கல் படிப்பு, இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனித் தொழிலாளிகளோடு சேர்ந்து ஒரு அறையில் வாடகைக்கு இருந்தான். நல்ல உயரம். பின்னாலிருந்து பார்த்தால், ஓடும்போது தோள் அசையாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பந்து காலை விட்டுப் போகாது என்பது என் கணக்கு. தூரத்திலிருந்தே ஓங்கி அடிப்பான். வலை இருந்தால் வலை கிழியும், இல்லையென்றால் நான் செக்யூரிட்டியிடம் போக வேண்டியிருக்கும். இரண்டாவதாகப் பதிவு செய்தவன் வேறு கல்லூரி; ஆட்டத்தன்று மட்டும் வந்து பெஞ்சில் உட்காருவதாகப் பேச்சு.

சிக்கல் என்னவென்றால், கேமரூன்காரனும் நம்ம பையனும் ஒருவருக்கொருவர் பந்து கொடுக்கவே மாட்டார்கள். சண்டை எல்லாம் இல்லை. பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால், பக்கத்தில் ஒருவன் இருப்பதே இருவருக்கும் மறந்துவிடும். வந்தவன் தன்னை நிரூபிக்க வேண்டும்; இருந்தவன் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். நான் திட்டித் திட்டித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இந்த நிலையில்தான் கார்த்திகை முதல் தேதி வந்தது. சாயந்திரம் பயிற்சிக்கு நம்ம பையன் வந்தான். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம், வெறுங்கால். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான்.

மாலை போட்டவர்கள் மலைக்குப் போய்த் திரும்பும்வரை காலில் செருப்பு அணிய மாட்டார்கள் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வெறுங்காலோடு பூட்ஸ் கால்களுக்கு நடுவில் எப்படி ஆடுவது? பொங்கலுக்கு முன்னால் போய்த் திரும்பிவிடுவான்தான். ஆனால் அதுவரை பயிற்சி?

"ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று கத்தினேன்.

"கோவிச்சுக்காதணா. கொழந்த கண்ணாடிப் பொட்டில கெடந்தப்போ வேண்டிக்கினேன்."

எனக்குத் தெரியும். அவன் மனைவிக்குக் குறைமாதத்தில் பிரசவம் ஆகி, கைக்குள் அடங்குகிற அந்தக் குழந்தை பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். இப்போது குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது, பால் குடிக்கிறது, அழுகிறது. அதற்குமேல் நான் என்ன பேச முடியும்? ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கம்பெனியில சேஃப்டி ஷூ போட்டுகினுதான வேல செய்யற? அதுக்கு மட்டும் சாமி ஒத்துக்குவாரா?"

அவன் சொன்னான். "அது வயித்துக்குணா. இது ஆசைக்கு."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் இன்னும் கோபம் வந்தது.

தலைவருக்கு விஷயம் அன்றைக்கே போய்விட்டது. "பாத்தியா கோச்சு, சாமியே தீர்ப்பு சொல்லிட்டாரு. பேசாம அந்த ரெண்டாவது ஆள உள்ள எறக்கு" என்றார். பிறகு அவரே வருத்தப்பட்டுக்கொண்டார்: "பக்கத்துலயே வல்லக்கோட்ட முருகன் கீறாரு. அவராண்ட வேண்டிக்கினு இருந்தா மொட்டையோட முடிஞ்சிருக்கும். மொட்ட அடிச்சுகினு பந்து ஆடலாமே!"

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். தவக்காலத்தில் கறி சாப்பிடாமல் இருப்பதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள். அடுத்தவன் விரதத்தில் மூக்கை நுழைக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தும், அவனுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமியைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பயிற்சி நேரம் மட்டும் பூட்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"சாமி, மாலதான் நான் போட்டது. வெரதம் இருக்கறது அவரு. போடுன்னும் சொல்லமாட்டேன், போடாதன்னும் சொல்லமாட்டேன். அவரு மனசு ஒத்துக்கினா போட்டுக்கட்டும்" என்று சொல்லி எனக்கு ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்பினார். அவன் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவன் வெறுங்காலோடே பயிற்சிக்கு இறங்கினான். தடுத்தேன், கேட்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே எங்கள் டிஃபென்ஸ்காரன் ஒருவனின் பூட்ஸ் அவன் கட்டைவிரலில் ஏறியது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. வலியில் முகம் கோணியதே தவிர அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஏதாவது சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. சொல்லாமல் நின்றதுதான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"எல்லாரும் கழட்டுங்கடா!" என்று கத்தினேன். "எல்லா பூட்ஸும் மரத்துக்குப் போவட்டும். சாமி மலைக்குப் போய் வர்ற வரிக்கும் ஒருத்தன் காலுலயும் பூட்ஸ் இருக்கக் கூடாது!"

யோசித்துச் சொன்னதில்லை. கோபத்தில் வாயிலிருந்து விழுந்தது. ஆனால் கோச் என்று ஆன பிறகு விழுந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாதே. ஒவ்வொருவராக முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். கேமரூன்காரன் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். காலில் கண்ணாடித் துண்டு குத்தினால் தன் பரீட்சையை யார் எழுதுவார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் என் செருப்பையும் கழற்றி ஓரமாக விட்டேன். அவன் என்னையும் ரத்தம் வழிகிற அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து பூட்ஸ் லேஸை அவிழ்த்தான். சரளையில் கால் வைத்ததும் துள்ளிக் குதித்து என்னவோ திட்டினான். என்ன திட்டு என்று தெரியாததால் நான் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த வாரங்களில் நடந்ததை நான் திட்டமிட்டேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். வெறுங்காலால் பந்தை ஓங்கி அடிக்க முடியாது, விரல் போய்விடும். அதனால் பந்தை மெதுவாக, தரையோடு தரையாகப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்தாக வேண்டும். சரளையில் நீளமாக ஓடவும் முடியாது. ஆகவே பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தூரத்திலிருந்து இடி இடிக்கிற கேமரூன்காரன், வேறு வழியில்லாமல், தலையைத் தூக்கி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினான். பார்த்தால் நம்ம பையன்தான் பக்கத்தில் நின்றான். கொடுத்தான். திரும்ப வந்தது. அட, திரும்பி வருகிறதே என்பது போல ஒரு நொடி நின்றுவிட்டு மறுபடி கொடுத்தான். நான் திட்டித் திட்டி வராதது சரளைக் கல்லால் வந்தது.

எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. மாலை போட்டவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது; சாமி என்றுதான் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்தபடி திட்டுவதுதான் என் பயிற்சி முறை. சாமியை எப்படித் திட்டுவது? "சாமி, பந்த உடாதீங்க சாமி" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதைக் கேட்டு மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவனை மரியாதையாகவும் மற்றவர்களைக் கேவலமாகவும் பேசுவது எனக்கே கூச்சமாக இருந்ததால், கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரையும் திட்டுவது குறைந்தது. காலை முகாமில் பூட்ஸ் இல்லாத பிள்ளைகள், அணியே வெறுங்காலோடு ஆடுவதைப் பார்த்து, சாயந்திரமும் வந்து கோட்டுக்கு வெளியே ஆடத் தொடங்கினார்கள். கேமரூன்காரனுக்கு நம்ம பையனின் பெயரே சாமிதான் என்று ஆகிவிட்டது. இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறான்.

கிறிஸ்துமஸ் அன்று கேமரூன்காரனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். நம்ம பையனும் வாழ்த்துச் சொல்ல வந்தான். பிரியாணி மணக்கிற வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். என் மனைவி அவனுக்கு நாற்காலி போட்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள். கேமரூன்காரன் தட்டை உள்ளேயே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. இருவரும் செல்போனில் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. பிரியாணியினாலும் இருக்கலாம்.

நம்ம பையன் மலைக்குப் போய்த் திரும்பினான். மாலையைக் கழற்றினான். பூட்ஸை எடுத்து மாட்டினால் கால் உள்ளே போகவில்லை. வாரக் கணக்கில் வெறுந்தரையில் நடந்து பாதம் அகன்று விரிந்திருந்தது. கம்பெனி கொடுக்கிற சேஃப்டி ஷூ அகலமானது, அதில் எந்தக் காலும் போகும். இது போன வருஷம் சிறந்த ஆட்டக்காரன் என்று அவனுக்குப் பரிசாகக் கிடைத்த பூட்ஸ். முன்பே கொஞ்சம் பிடிக்கும். அடுத்தவர்களுடையதைப் போட்டுப் பார்த்தான், ஒன்று கடித்தது, ஒன்று கழன்று வந்தது. தன்னுடையதையே அடக்கி மாட்டிக்கொண்டு போட்டியில் இறங்கினான்.

முதல் ஆட்டங்களில் கேமரூன்காரன் போட்ட கோல்களால்தான் தாண்டி வந்தோம். நம்ம பையன் கெந்திக் கெந்தி ஓடினான். பெஞ்சில் இரண்டாவது வெளிநாட்டுக்காரன் ஜெர்சி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு தவறுக்கும் தலைவர் அவனையும் என்னையும் பார்த்தார். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

காணும் பொங்கலன்று வல்லக்கோட்டைப் பக்கத்தில் இறுதி ஆட்டம். கரும்பு வண்டி, ஐஸ் வண்டி என்று திருவிழாக் கூட்டம். பாதி ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். அந்த ஒரு கோலைத் திருப்பக் கிடைத்த நல்ல வாய்ப்பை நம்ம பையன் தவறவிட்டிருந்தான். பந்து வந்தபோது அவன் கால் வரவில்லை. இடைவேளையில் தலைவர் நேராக என்னிடம் வந்தார்.

"மாத்துபா. கண்ணு முன்னாடியே கப்பு போவுது. இப்பயாச்சும் மாத்து."

சொல்வதில் தப்பில்லை. குவாலிட்டி ஆளாகப் பார்த்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவனை இப்போது வெளியே எடுத்தால், அந்த இடம் இனி எங்கள் பிள்ளைகள் யாருக்கும் திரும்பாது. கோட்டுக்கு வெளியே முகாமின் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேமரூன்காரன் எங்கள் பேச்சு புரியாமலேயே புரிந்துகொண்டான். எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவனிடமிருந்து கத்தியை வாங்கினான். நம்ம பையனின் முன்னால் மண்டியிட்டு, அவன் பூட்ஸைக் கழற்றி, இரண்டிலும் சுண்டுவிரல் பக்கம் கத்தியால் கீறிவிட்டான். பரிசாக வந்த பூட்ஸ்! நம்ம பையன் ஐயோ என்று கத்தினான். தன் ஊரில் ஒரு ஜோடியைப் பல வருஷம் போடுவார்கள், கால் வளர வளர இப்படித்தான் கீறிவிடுவார்கள் என்று கேமரூன்காரன் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே அதை அவனுக்கு மாட்டினான். விரல் வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு என்னிடம் திரும்பி, "நான் பின்னால் இறங்கி ஆடுகிறேன், சாமி கோலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், பந்து அவனிடம் வரும்" என்றான். கோல் போடுகிற இடத்தைத் தானாக விட்டுக்கொடுக்கிற ஃபார்வர்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாம் பாதியில் எங்கள் மைதானத்துச் சரளைக் கல் ஆட்டம் அங்கே வந்து இறங்கியது. சின்னச் சின்னப் பாஸ்கள், தரையோடு தரையாக. கடைசியில் கேமரூன்காரனிடமிருந்து பந்து நம்ம பையனுக்கு வந்தது. அவன் காலை வீசினான். பந்து பாதத்தில் படாமல் முழங்காலுக்குக் கீழே எங்கோ பட்டு, கீப்பரின் கைக்கு அடியில் உருண்டு உள்ளே போனது. அழகான கோல் இல்லை. கம்பெனியில் என் மேஜைக்கு வந்திருந்தால் ரிஜெக்ட் செய்திருப்பேன். ஆனால் நான் அழுதேன். இதை என் மனைவி பார்த்துவிட்டாள், அதனால் மறைத்துப் பயனில்லை.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. நம்ம பையன் தன்னுடையதைப் போட்டான். கடைசியாக வந்த கேமரூன்காரன் அடித்த பந்து போஸ்டுக்கு மேலே பறந்துபோய்க் கரும்பு வண்டியில் விழுந்தது. தோற்றோம்.

பொழுதெல்லாம் அவனுக்கு விசில் அடித்த கூட்டம் அப்படியே திரும்பியது. ஃபாரின் சரக்கு இவ்வளவுதானா என்று ஆரம்பித்து, எழுதத் தகாத வார்த்தைகள் வரை போனது. அவன் நிறத்தைச் சொல்லிக் கத்தியவன் என்னைவிடக் கறுப்பு. நான் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தேன். நாலு பேர் விலக்கிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது கேமரூன்காரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். நம்ம பையன் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கரும்புத் துண்டை அவன் கையில் திணித்துக்கொண்டிருந்தான்.

பொங்கல் கழிந்து கமிட்டி கூடியது. கப்பு வரவில்லை. பேசியபடி முன்வரிசை இரண்டும் வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் என்று நினைத்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன். தலைவர் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"கோச்சு, நீ கெலிச்ச. நம்ம பையன் கோலும் போட்டான், பெனால்டியும் போட்டான். ஃபாரின்காரன்தான் கவுத்துட்டான். இனிமே இந்த கிளப்புக்கு ஃபாரினரே வேணாம். எல்லா எடமும் நம்ம பசங்களுக்கே!"

எல்லோரும் கை தட்டினார்கள். நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குத் தட்டுவதற்குக் கை எழவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இத்தனை நாள் உள்ளூர், உள்ளூர் என்று கத்திவிட்டு இப்போது எந்த வாயால் மறுப்பது?

ஷிஃப்டு முடிந்து சேஃப்டி ஷூவோடு நேராக வந்து பின்னால் நின்றிருந்தான் நம்ம பையன். பையிலிருந்து அந்தக் கீறிய பூட்ஸை எடுத்துக்கொண்டு வந்து தலைவர் முன்னால் வைத்தான். கமிட்டியில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"தலைவரே, இத்த கீறினது யாரு? அவருதான? அன்னிக்கு என்ன வெளிய இட்டாந்துட்டு அந்த இன்னொருத்தர எறக்கியிருந்தா அவருக்கு இன்னா நஷ்டம்? கோலும் அவரே போட்டிருப்பாரு, பேரும் அவருக்கே. எனுக்கு எடம் வேணுந்தான். இல்லங்கல. அவரு பக்கத்துலதான் வேணும்."

"பெனால்டி உட்டுட்டானேபா" என்றார் தலைவர்.

"நானும் ஒரு நாளு உடுவேன் தலைவரே. அப்ப என்ன எந்த ஊருக்கு அனுப்புவீங்க?"

தலைவர் அந்த பூட்ஸைக் கையில் எடுத்து, கீறலுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒருத்தன் வெளிய, ஒருத்தன் நம்ம பய. அவ்ளோதான? அந்த கேமரூன் தம்பிக்கு நீயே போன் போட்டுப் பேசு. நான் பேசுனா அவனுக்கு வெளங்காது" என்றார். அந்த நாட்டின் பெயரை அவர் சரியாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

இந்தக் கார்த்திகையில் எங்கள் அணியில் யாரும் மாலை போடவில்லை. முகாமிலிருந்து இன்னொருவன் தேறி நடு வரிசைக்கு வந்திருக்கிறான். நம்ம பையனின் குழந்தை, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நிற்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. முதல் தேதி சாயந்திரம் கேமரூன்காரன் கல்லூரியிலிருந்து நேராக வந்தான். பயிற்சி எப்படி என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவன் எதையும் கேட்காமல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து பூட்ஸ் லேஸை அவிழ்த்தான். "வாங்க சாமி" என்று தமிழில் கூப்பிட்டான். நம்ம பையனும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கீறிய பூட்ஸைக் கழற்றினான்.